நாயகனுக்கு எதிரே நின்றவர்

நுழையும்முன்

திரைப்படம் முடிந்து வெளியே வரும்போது நாயகனின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவோம். ஆனால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வேறு யாரோ ஒருவர் நினைவுக்கு வருவார். அவர் உருட்டிய விழியையும் இழுத்துப் பேசிய சொல்லையும் நடித்துக் காட்டிச் சிரிப்போம். அப்படித் தமிழர்களின் பேச்சில் நிலைத்துவிட்ட ஒருவரின் வாழ்க்கை இது. முப்பத்தாறு ஆண்டுகள் அவர் திரையில் இருந்தார். அவற்றில் பெரும்பகுதி நாயகனுக்கு எதிரிலோ அருகிலோ நின்று கழிந்தது.

தேரியும் திரையும்

பொருநை எனப்படும் தாமிரபரணி தன் பயணத்தின் கடைசிப் பகுதியில் ஆத்தூரைக் கடந்து, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. ஆற்றுநீர் பாயும் இடமெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் பசுமையாக நிற்கும். ஆத்தூர் வெற்றிலையின் காரத்தையும் மணத்தையும் தென்பாண்டி நாடே அறியும். ஆற்றங்கரையை விட்டுச் சற்று விலகினால் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. செம்மணல் தேரிகள் மேடும் பள்ளமுமாக விரிகின்றன. பனைகள் மட்டும் தலைநிமிர்ந்து நிற்கின்றன. கிழக்கே உப்பளங்கள், அதற்கப்பால், கொற்கைக் காலம் முதல் முத்துக்குளித்த கடல். ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை முகங்கள். இந்தத் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சுண்டங்கோட்டை என்னும் சிற்றூரில் 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் டி. எஸ். பாலையா பிறந்தார். அன்று அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது.

அன்றைய தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குத் திரைப்படம் எட்டாத பொருள். அங்கங்கே கூடாரம் அடித்துக் காட்டப்பட்ட படங்களும் ஊமைப்படங்களே. மக்களை ஈர்த்தவை இரண்டு: ஒன்று நாடகம், மற்றொன்று சர்க்கஸ். பாலையாவின் உள்ளத்தை முதலில் கவர்ந்தது சர்க்கஸ்தான். அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆசையில் அவர் இளம்வயதிலேயே வீட்டைவிட்டுப் புறப்பட்டதாகச் சொல்வர். ஆசை நிறைவேறவில்லை. அலைந்து திரிந்த சிறுவன் வந்து சேர்ந்த இடம் நாடக மேடை. கயிற்றின் மேல் நடக்க விரும்பியவர் மேடையின் மேல் நடக்கப் பழகினார். பிற்காலத்தில் வேடிக்கைக் காட்சிகளில் அவர் உடல் காட்டிய நெகிழ்வையும், சட்டென்று திரும்பும் அந்த வேகத்தையும் பார்க்கும்போது, பழைய ஆசை முழுவதும் வீணாகிவிடவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

நாடகக் கலைக்குத் தூத்துக்குடி வட்டாரம் புதியதன்று. தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகள் 1867இல் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி இங்குதான் உள்ளது. புராணக் கதைகளைப் பாட்டும் உரையாடலுமாக நாடகமாக்கித் தந்த அவர், சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தும் முறைக்கும் வலுவூட்டினார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அத்தகையது. அதன்பின் ஊருக்கு ஊர் பாய்ஸ் கம்பெனிகள் எழுந்தன. பாலையா மேடைக்கு வந்தபோது சுவாமிகள் மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும், அவர் வகுத்த பாடத்திட்டம்தான் கம்பெனிகளில் நடந்துகொண்டிருந்தது.

பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளி, விடுதி, பட்டறை மூன்றும் சேர்ந்த ஓர் இடம். சிறுவர்கள் அங்கேயே உண்டு அங்கேயே உறங்குவார்கள். விடியலில் பாட்டுப் பயிற்சி, பகலில் வசனப் பாடம், இரவில் நாடகம். வாத்தியாரின் பிரம்புக்குப் பஞ்சமில்லை. ஒருவன் தன் வேடத்தின் வசனத்தை மட்டும் படித்தால் போதாது. நாடகம் முழுவதையும் நெட்டுருச் செய்திருக்க வேண்டும். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த இடத்தில் அன்றிரவு இன்னொருவன் நின்றாக வேண்டும். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றார்கள். குரல் உடையும் பருவம் வந்தால் அதை மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை நாயகனாகப் பாடியவன், மகரக்கட்டுக்குப் பின் திரைச்சீலை இழுக்கும் வேலைக்கு இறங்கிவிடக்கூடும். அந்த உலகில் பாடுபவனே நாயகன். பாட்டு வராதவனுக்கு மிஞ்சியவை எதிரி வேடமும் கோமாளி வேடமும்தான்.

மிஞ்சியவை என்றாலும் அவை எளியவை அல்ல. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், விளக்கொளியின் கீழ், கடைசி வரிசையில் தரை டிக்கெட் எடுத்து அமர்ந்திருப்பவரின் காதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழவேண்டும். பாட்டின் துணையில்லாமல் பேச்சு ஒன்றையே கொண்டு கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டும். பாலையாவின் பேச்சுக்கு ஒரு தனி நடை உண்டு. சொல்லின் ஓர் எழுத்தை நீட்டுவார். அடுத்ததைச் சட்டென்று வெட்டுவார். வாக்கியத்தின் நடுவில் குரலைத் தாழ்த்தி, முடிவில் எதிர்பாராமல் உயர்த்துவார். பேசாத இடைவெளியிலும் ஒரு பொருளை வைப்பார். இந்தப் பேச்சு மேடை தந்த சொத்து.

கெட்டவனாக அறிமுகம்

1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கின. ஐந்தாண்டுகளுக்குப் பின், எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை 'சதிலீலாவதி' என்னும் பெயரிலேயே படமாயிற்று. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். தமிழ் அறியாத அவர் இயக்கிய அந்தப் படத்தில் எம். கே. ராதா நாயகனாக நடித்தார். என். எஸ். கிருஷ்ணன் நடித்தார். காவல்துறை ஆய்வாளராகச் சிறு வேடத்தில் எம். ஜி. ராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். பாலையாவுக்கும் அதுவே முதற்படம்.

நாயகனைக் குடிப்பழக்கத்துக்கும் தீய வழிக்கும் இழுத்துச் சென்று, அவன் குடும்பத்தைச் சீரழிக்கும் போலி நண்பனாகப் பாலையா நடித்தார். அந்தக் கதையில் நாயகன் கொலைப்பழிக்கு அஞ்சி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கிறான். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கப்பலேறிய எளியவர்கள் எத்தனையோ பேரின் கதையும் அதுதான். எனவே, நாயகனைக் கெடுத்தவன் மீது மக்களுக்கு எழுந்த சினம் வெறும் கதைச் சினம் அன்று. முதற்படத்திலேயே மக்களின் வெறுப்பைத் தேடிக்கொள்வது வில்லனாக நடிப்பவருக்கு வெற்றி. ஆனால், அந்த வெற்றி ஒரு விலங்கும் ஆகும் என்பது பின்னர்த்தான் தெரியவரும்.

அடுத்த ஆண்டு, 1937இல், 'அம்பிகாபதி' வெளியானது. அதையும் டங்கனே இயக்கினார். இளங்கோவன் உரையாடல் எழுதினார். எம். கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதி. அவன் காதலுக்குக் குறுக்கே நிற்கும் தளபதி ருத்ரசேனன், பாலையா. பாகவதரின் குரலுக்கு நாடே மயங்கியிருந்த காலம் அது. அப்படிப்பட்டவருக்கு எதிரே பாட்டில்லாமல் நின்று பார்வையாளரின் கவனத்தை ஒரு பாதியாவது தன்பக்கம் இழுப்பது எளிதன்று. பாலையா அதைச் செய்தார். இருவரும் வாளேந்தி மோதும் காட்சி நெடுநாள் பேசப்பட்டது. அதன்பின் சூழ்ச்சிக்காரன், தளபதி, கெடுக்கும் நண்பன் என்றால் தயாரிப்பாளர்களின் நினைவுக்கு முதலில் வந்த பெயர்களுள் ஒன்று பாலையா.

ஒருமுறை அவர் நாயகனாகவும் நின்றார். 1948இல் வெளிவந்த 'மோகினி'யில் முதன்மை வேடம் பாலையாவுக்குக் கிடைத்தது. எம். ஜி. ராமச்சந்திரனும் அதில் உடன் நடித்தார். 'சதிலீலாவதி'யில் ஒன்றாகத் தொடங்கிய இருவரின் பாதைகளும் அந்த ஆண்டுகளில்தான் பிரிந்தன. 1947இல் 'ராஜகுமாரி'யில் நாயகனாக உயர்ந்த எம். ஜி. ஆர்., அதன்பின் நாயகனாகவே நிலைத்தார். பாலையாவோ 'மோகினி'க்குப் பின் மீண்டும் தம் பழைய இடத்துக்கே திரும்பினார். இதை அவருடைய தோல்வி என்று எழுதுவோர் உண்டு. அப்படிச் சொல்வது பொருத்தமாகத் தெரியவில்லை. அவருடைய கலை விரிந்ததெல்லாம் அதன்பிறகுதான்.

ஒரு திருப்பம்

கெட்டவனாகவே பத்தாண்டுகளுக்கு மேல் நடித்த ஒருவர் நல்லவனாக வந்தால் மக்கள் நம்புவார்களா? இந்தக் கேள்விக்கு விடை 1949இல் வந்த 'வேலைக்காரி'யில் உள்ளது. அறிஞர் அண்ணா எழுதி மேடையில் புகழ்பெற்ற நாடகத்தை ஜூபிடர் நிறுவனம் படமாக்கியது, ஏ. எஸ். ஏ. சாமி இயக்கினார். தந்தையின் சாவுக்குக் காரணமான செல்வரைக் கொன்று பழிதீர்க்கத் துடிக்கிறான் ஆனந்தன். அவ்வேடத்தில் கே. ஆர். ராமசாமி நடித்தார். ஆனந்தனைத் தடுத்து, ஆயுதத்தால் அன்றி அறிவால் வெல்லும் வழியைக் காட்டும் நண்பன் மணியாகப் பாலையா நடித்தார்.

முதற்படத்தில் நண்பனைக் கெடுத்த அதே மனிதர், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் நண்பனை நெறிப்படுத்துகிறார். கூர்ந்து பார்த்தால், அவர் கையாளும் கருவிகளில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. தோளில் கைபோட்டுப் பேசும் நெருக்கம், எதிராளியின் மனத்தில் மெல்ல நுழையும் குரல், சொல்லுக்கு முன் ஒரு புன்னகை ஆகியவை சூழ்ச்சிக்காரனுக்கும் உரியவை, நல்லாசிரியனுக்கும் உரியவை. சூழ்ச்சியில் பயன்பட்ட அதே திறமை இப்போது நீதியின் பக்கம் நின்றது. மேடைகளில் பகுத்தறிவுக் கருத்துகள் முழங்கிய அந்தக் காலத்தில், மணியின் பேச்சு கொட்டகைகளில் கைத்தட்டல் பெற்றது. வெறுப்பைச் சம்பாதித்த குரலுக்கு அன்பும் கிடைக்கும் என்பதை அந்தப் படம் காட்டிற்று.

இருந்தும் எதிரி வேடங்கள் அவரை விடவில்லை. அவரும் அவற்றை விடவில்லை. ஆனால், அவற்றில் நகைச்சுவையைக் கலக்கத் தொடங்கினார். 1954இல் வெளிவந்த 'தூக்குத் தூக்கி'யில் வடநாட்டுச் சேட்டாக வந்து, தமிழை உடைத்து உடைத்துப் பேசினார். கதைப்படி அவர் இன்னொருவன் மனைவியை விரும்பும் கெட்டவர்தான். ஆனாலும், அந்தப் பேச்சைக் கேட்டவர்களால் அவரை முழுமையாக வெறுக்க முடியவில்லை. 1956இல் 'மதுரை வீர'னில் வந்த வேடத்திலும் தீமையும் கோமாளித்தனமும் சேர்ந்தே இருந்தன. பி. எஸ். வீரப்பா உரத்த சிரிப்பாலும் எம். என். நம்பியார் கூர்மையான பார்வையாலும் அச்சுறுத்திய காலத்தில், பாலையாவின் கெட்டவர்கள் தம் கெட்டித்தனத்தைத் தாமே மெச்சிக்கொள்ளும் மனிதர்களாக இருந்தார்கள். அந்த மிதப்புத்தான் அவர்களைக் கவிழ்க்கும். பார்ப்பவருக்கு அது முன்கூட்டியே தெரியும். அவர்களுக்கு மட்டும் தெரியாது.

கேலிச்சித்திரம் வரைபவரின் வேலையும் ஏறத்தாழ இதுதான். 1930களில் ஆனந்த விகடனில் மாலி வரைந்த படங்களில் ஒரு மூக்கு, ஒரு தலைப்பாகை, நாலைந்து கோடுகள் என்ற அளவிலேயே ஆள் முழுவதும் வந்துவிடுவார். எல்லாவற்றையும் வரைபவர் கேலிச்சித்திரக்காரர் ஆகமாட்டார். எதை விடுவது என்று அறிந்தவரே ஆவார். பாலையாவும் ஒவ்வொரு மனிதனுக்கும் ஒன்றிரண்டு கோடுகளையே எடுத்துக்கொண்டார். ஒருவனுக்கு இழுத்த பேச்சு. இன்னொருவனுக்கு மேல்துண்டைச் சரிசெய்யும் பழக்கம். வேறொருவனுக்கு எதையும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கும் கண். அந்தக் கோடுகளைத் தேர்ந்தபின் அவற்றை மீறமாட்டார்.

சிரிப்பை விட்டு விலகி நின்ற வேடம் ஒன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஏ. பீம்சிங் இயக்கி 1959இல் வெளிவந்த 'பாகப்பிரிவினை'யில் அண்ணன் வைத்தியலிங்கமாக அவர் நடித்தார், தம்பியாக எஸ். வி. சுப்பையா. மனைவியின் சொல்லுக்கும் தம்பியின் அன்புக்கும் இடையில் அகப்பட்ட அண்ணன் அவர். கூட்டுக் குடும்பம் உடைகிறது. வீட்டின் நடுவே சுவர் எழுகிறது. தம்பியை இழக்க விரும்பாமலும், மனைவியை எதிர்க்கத் துணியாமலும் நிற்கும் அந்த மனிதரை நல்லவர் என்றும் சொல்லமுடியாது. கெட்டவர் என்றும் தள்ளமுடியாது. நம் தெருவிலேயே அப்படி ஒருவர் இருப்பார். குணச்சித்திரம் என்னும் சொல்லுக்கு அந்த வேடம் தக்க விளக்கம்.

கேட்பதும் நடிப்பே

ஐம்பது வயதை எட்டும்போது, நாயகர்களின் ஒளி மங்கத் தொடங்குவது திரையுலக வழக்கம். பாலையாவுக்கு நேர்ந்தது வேறு. இன்று மக்கள் அவரை நினைப்பது பெரும்பாலும் அவருடைய கடைசி ஒன்பது ஆண்டுப் படங்களைக் கொண்டே. அவற்றுள் முதலாவது 1964இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை'. ஸ்ரீதர் இயக்கிய வண்ணப்படம் அது. சித்ராலயா கோபு கதை உரையாடலில் துணைநின்றார். எஸ்டேட் உரிமையாளர் விசுவநாதனாகப் பாலையா நடித்தார். பணம் சேர்த்தவர், மகள்களைப் பணக்காரர்களுக்கே மணமுடிக்க வேண்டும் என்பவர், மகன் படம் எடுக்கப்போகிறேன் என்று அலைவதைக் கண்டு எரிச்சல் கொள்பவர். வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் தம் பங்களா வாசலிலேயே கூடாரம் அடித்துப் போராடும்போது அவர் காட்டும் ஆத்திரம் ஒருவகை. அதே இளைஞன் பெருஞ்செல்வரின் மகன் என்று நம்பியவுடன் வரும் குழைவு வேறுவகை. இவ்விரண்டுக்கும் இடையில் அவருக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படுவதில்லை. மானம் கெட்டோமே என்ற கூச்சம் அந்த மனிதருக்கு இல்லை என்பதை அந்த வேகமே சொல்லிவிடுகிறது.

அந்தப் படத்தில் தமிழர் எவரும் மறவாத காட்சி, மகன் செல்லப்பா தந்தைக்குப் பேய்ப்படக் கதையைச் சொல்லும் இடம். செல்லப்பாவாக நாகேஷ் நடித்தார். கதை சொல்பவர் அவர். கதவு திறக்கும் ஓசை, காற்று, காலடி என எல்லா ஒலிகளையும் தாமே எழுப்புகிறார். பாலையாவுக்கு அங்கே பேச்சு மிகக் குறைவு. அவர் செய்வது கேட்பது ஒன்றே.

தொடக்கத்தில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பது, பொழுதுபோகாமல் கேட்கும் தந்தையின் தோரணை. சற்று நேரத்தில் முகத்தில் இருந்த ஏளனம் கரைகிறது. விழிகள் ஓரிடத்தில் நிலைகுத்துகின்றன. நாகேஷின் ஒவ்வோர் ஒலிக்கும் உடல் சிறிது சிறிதாக ஒடுங்குகிறது. இது கதைதான் என்பது அவருக்குத் தெரியும். சொல்பவன் தாம் மதிக்காத மகன் என்பதும் தெரியும். தெரிந்தும் அச்சம் மேலேறுகிறது. அதை மறைக்க வேண்டும் என்ற வீம்பும் கூடவே மேலேறுகிறது. பார்ப்பவர் சிரிப்பது நாகேஷின் கதைக்கு மட்டுமன்று. அந்த வீம்பும் அச்சமும் ஒரே முகத்தில் இடம்பிடிக்கப் போராடுவதைக் கண்டுதான். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்தபோது நகையையும் அச்சத்தையும் தனித்தனியே வைத்தார். ஒருவர் மெய்யில் தோன்றும் அச்சம் காண்பவர் மெய்யில் நகையாக மாறுவதை இந்தக் காட்சியில் காணலாம். இப்படம் பின்னர் இந்தியில் 'பியார் கியே ஜா' என்று எடுக்கப்பட்டபோது, ஓம் பிரகாசும் மெஹ்மூதும் அதே காட்சியில் நடித்தார்கள். தேர்ந்த கலைஞர்களான அவர்களும் நன்றாகவே செய்தார்கள். ஆயினும், தமிழில் பார்த்தவர்களுக்கு அந்த நாற்காலியில் வேறொருவரை வைத்துப் பார்க்க மனம் வராது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் காட்சியில் பாலையா சற்று மிகைப்படுத்தியிருந்தால் நாகேஷின் ஓட்டம் தடைபட்டிருக்கும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள மூத்த நடிகர், தம்மைவிட மிக இளைய நடிகருக்குக் காட்சியைக் கொடுத்துவிட்டு அமைதியாக அமர்ந்திருக்கிறார். கொடுத்ததனால் அது இருவரின் காட்சியாயிற்று.

தோற்பவரின் பெருமிதம்

அடுத்த ஆண்டு ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' வெளிவந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள விறகு விற்ற படலத்தைப் படித்தவர்களுக்கு ஏமநாதனைத் தெரியும். வடபுலத்திலிருந்து மதுரைக்கு வந்து, பாண்டியன் அவையில் தன்னை வெல்ல எவருமில்லை என்று செருக்கும் இசைவாணன் அவன். எதிர்த்துப் பாடுமாறு பாணபத்திரர் பணிக்கப்பட, அவருக்காகச் சொக்கநாதர் விறகு விற்பவராக வந்து ஏமநாதன் தங்கிய இடத்துக்கு அருகிலேயே பாடுகிறார். படத்தில் அந்தப் பாடகர் ஹேமநாத பாகவதர். அவ்வேடம் பாலையாவுக்கு. பாணபத்திரராக டி. ஆர். மகாலிங்கமும் இறைவனாகச் சிவாஜி கணேசனும் நடித்தனர்.

பாடகர் என்று பெயர் பெறாத ஒரு நடிகர், இசை அரசராக நடிக்க வேண்டும். அவர் பாடுவதாக அமைந்த பாட்டைப் பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. இராகங்கள் மாறிமாறி வரும் அந்தப் பாட்டுக்குக் கே. வி. மகாதேவன் இசையமைத்தார். பின்னணிப் பாடகரின் குரலுக்கு உதடசைப்பது எவராலும் ஆகும். ஆனால், அந்தக் குரல் தம் தொண்டையிலிருந்தே எழுகிறது என்று நம்பவைப்பதற்கு முகமும் கழுத்தும் கையும் ஒன்றுசேர வேண்டும். பாலையா ஒரு சங்கதியை முடித்துவிட்டு அவையைச் சுற்றிப் பார்க்கும் பார்வையைக் கவனிக்க வேண்டும். பாட்டைக் கேட்க வந்தவர்களின் பார்வை அன்று அது. கப்பம் வாங்க வந்தவரின் பார்வை. பாட்டில் வல்லவனே நாயகன் என்றிருந்த மேடையில் வளர்ந்தவர், நாயகனல்லாத ஒரு பாட்டு வல்லவராக அமர்ந்து அந்த அவையை ஆண்டார்.

அதன்பின் வருவதுதான் அருமையான பகுதி. இரவு. திண்ணையில் கிடக்கும் விறகுக்காரன் பாடுகிறான். அவையில் அவ்வளவு நிமிர்ந்திருந்தவர் அந்தப் பாட்டைக் கேட்கிறார். மீண்டும் கேட்பவராகவே பாலையா நம்முன் நிற்கிறார். ஆனால், விசுவநாதனின் அச்சமன்று இங்கே தோன்றுவது. தமக்குத் தெரிந்த இசையின் எல்லைக்கு அப்பால் இசை இருக்கிறது என்று ஒரு கலைஞர் உணரும் திகைப்பு அது. பாடியவன் பாணபத்திரரால் ஒதுக்கப்பட்ட மாணவன் என்று அறிந்ததும் அவர் உடைந்துபோகிறார். இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகிறார். செருக்கன் ஒழிந்தான் என்று நாம் கைகொட்டலாம். ஆனால், பாலையாவின் முகம் அதற்கு இடம்கொடுப்பதில்லை. அந்தப் பாட்டின் மேன்மையை அங்கே உள்ளபடி அளந்தறியத் தகுதியுள்ளவர் ஹேமநாதர் ஒருவரே. தோற்றவர்தான் வென்றவனின் பாட்டைச் சரியாகக் கேட்டவர்.

முத்துராக்கு

1967இல் இரண்டு தந்தையர். கே. பாலசந்தரின் 'பாமா விஜய'த்தில் மூன்று மகன்களும் மருமகள்களும் ஒரு நடிகையின் வருகைக்காகப் பகட்டில் மூழ்கிக் கடனில் தவிக்க, அதைக் கண்டு வருந்தி வழிதிருத்தும் வீட்டுப் பெரியவர். ஸ்ரீதரின் 'ஊட்டிவரை உற'வில் மனைவியிடமும் மகனிடமும் ஓர் உண்மையை மறைத்துவிட்டு அது வெளிப்பட்டுவிடுமோ என்று நாளெல்லாம் நடுங்கும் தந்தை. ஒருவர் குடும்பத்தின் மனச்சான்று. மற்றவர் தம் மனச்சான்றுக்கே ஒளிந்து திரிபவர். இரண்டையும் ஒரே ஆண்டில் பார்த்தவர்கள், ஒருவரிடம் மற்றவரின் சாயல் இல்லாததை உணர்ந்திருப்பார்கள்.

1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய புகழ்பெற்ற தொடர்கதை அது. தொடருக்குக் கோபுலு வரைந்த படங்களால், சிக்கல் சண்முகசுந்தரமும் மோகனாவும் வைத்தியும் படமாவதற்கு முன்பே வாசகர்களுக்கு முகம் பெற்றிருந்தார்கள். அந்த முகங்களோடு நடிகர்கள் போட்டியிட வேண்டியிருந்தது. நாயகனின் குழுவில் தவில் வாசிக்கும் முத்துராக்காகப் பாலையா நடித்தார். படத்தில் ஒலித்த நாகசுரம் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஒலி வேறிடத்தில் பிறக்க, நடிகர்கள் விரலாலும் மூச்சாலும் அதைத் தமதாக்கிக் காட்டினார்கள்.

தவில்காரர் நாகசுரக்காரரின் அருகில் நிற்பவர். பாட்டைத் தொடங்குபவர் அவரல்லர். ஆனால், அவர் இல்லையென்றால் பாட்டுக்கு நடையில்லை. ஒரு கையில் கழியும் மறுகை விரல்களில் கூடுமாக நிற்கும் முத்துராக்கு, வாசிப்பின்போது சண்முகசுந்தரத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கே நிறுத்துவான், எங்கே தாவுவான் என்று கணிக்கும் கண் அது. கச்சேரி முடிந்தபின்னும் அதே கண்தான்: எங்கே கோபப்படுவான், எங்கே மனம் உடைவான் என்று பார்த்தபடி கூடவே வருகிறார். ரயில் பயணக் காட்சியில் காதலர் இருவரும் கண்ணாலேயே பேசிக்கொள்ளும்போது, நடுவே அகப்பட்ட முத்துராக்கின் முகமாற்றங்கள் திரையரங்கைக் குலுக்கின. சிவாஜி கணேசன், பத்மினி, நாகேஷ், மனோரமா என்று ஒவ்வொருவரும் தம் உச்சத்தில் நின்ற படத்தில், யாருக்கும் இடையூறு செய்யாமல் தமக்கென ஓர் இடத்தை அவர் அமைத்துக்கொண்டார்.

அதற்குப்பின் நான்கு ஆண்டுகளே அவர் வாழ்ந்தார். 1972ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில், பாலையா மறைந்தார். தேரிமணலிலிருந்து சர்க்கஸைத் தேடிப் புறப்பட்ட சிறுவனின் பயணம் சென்னையில் நின்றது.

அவருடைய மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயருடன் 1975இல் 'மேல்நாட்டு மருமகள்' வழியாகத் திரைக்கு வந்தார். இயக்கியவர், தந்தைக்கு ஹேமநாத பாகவதர் வேடத்தையும் முத்துராக்கு வேடத்தையும் கொடுத்த அதே ஏ. பி. நாகராஜன். மகனும் நாயகனாகவில்லை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் துணை வேடங்களிலேயே நடித்து 2023இல் மறைந்தார். 1989இல் தமிழ்நாடே கொண்டாடிய 'கரகாட்டக்காரன்' படத்தில், ஊர் ஊராகப் போகும் அந்த மேளக் குழுவுக்குள் கவுண்டமணி, செந்திலோடு அவரும் இருக்கிறார். ஆடுபவர் முன்னே ஆட, வாத்தியத்தோடு பக்கத்தில் நின்று, அவர் முகத்தைப் பார்த்தபடியே வாசிக்கிறார்.